ஒரு திகதி சொல்லுங்க, சேர்

எந்தத் திகதியைச் சொன்னாலும் அன்றைக்கு உலகத்தில் என்ன நடந்தது என்று உடனே சொல்லிவிடுகிற ஒரு மனிதரோடு சில வருடங்கள் நான் வாவி கடந்திருக்கிறேன். அவர் எங்கள் பாடசாலையில் வரலாறு படிப்பித்தவர். நான் கணிதம். இருவருக்கும் வீடு செட்டிபாளையத்தில். பாடசாலை வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். காலையில் பாதையில் ஏறுவோம். பாதை என்று எங்கள் ஊரில் சொல்வது ரோட்டை அல்ல, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டையான இரும்புப் படகை.

நான் வேலையில் சேர்ந்த முதல் நாள் அந்தப் பாதையில்தான் பேச்சுக் கொடுத்தார்.

"டீச்சருக்குப் பிறந்த நாள் எப்ப?"

சொன்னேன். தண்ணீரை ஒருமுறை பார்த்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

"பெர்லின் சுவரை உடைச்ச நாள். நல்ல நாள், டீச்சர்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதே சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அடுத்ததைச் சொன்னார்.

"இன்னொண்டும் சொல்லிப்போடுறன். என்ட மகன் காணாமப் போனவன். நீங்க வேற ஆக்கள்ட வாயால கேக்கிறதுக்கு முதல் நானே சொன்னா நல்லம்தானே."

"எப்ப, சேர்?" என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்விதான் அவருக்கு எவ்வளவு பாரம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவர் பதில் சொல்வதற்குள் பாதை கரை தட்டியது. எல்லோரும் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்கள்.

காலைக் கூட்டத்தில் தேவாரம் முடிந்து, அதிபர் பேசி முடிந்த பிறகு அவருடைய முறை. சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வருவார். கையில் துண்டு ஒன்றும் இராது. "புள்ளையள், இண்டைக்கு என்ன நாள்?" என்று தொடங்குவார். முதன்முதல் தொலைபேசியில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனைக் கூப்பிட்டது, விண்வெளிக்கு முதல் ஆள் போனது, ஏதோ ஒரு நாட்டில் அடிமைகளை விடுதலை செய்தது. இரண்டு நிமிடம்தான். அந்த இரண்டு நிமிடத்தில் பின்வரிசைப் பெடியன்கள்கூடத் தள்ளுப்படாமல் நிற்பார்கள். "போனில தட்டினா இது எல்லாம் வரும்தான். ஆனா போன் உங்கட முகத்தைப் பார்த்துச் சொல்லாது" என்பார்.

திகதியில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார். சந்திரனில் மனிதன் இறங்கிய நாளை யூலை இருபத்தொன்றில் சொன்னார். அதிபர் எல்லோர் முன்னாலும் திருத்தினார்.

"இருபது, சேர். புத்தகத்தில அப்பிடித்தானே கிடக்கு."

"அது அமெரிக்காக்காரன்ட திகதி. அந்த மனிசன் சந்திரனில காலை வைக்கக்குள்ள இஞ்ச அடுத்த நாள் விடிஞ்சு வெயில் ஏறிட்டு. நம்மட புள்ளையளுக்கு நம்மட நாளைத்தானே சொல்லோணும்?"

அதிபர் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். ஊரில் எல்லோரும் அப்படி விட மாட்டார்கள். செத்த வீட்டில் யாராவது "போன மாரியில ஒருக்கா வருத்தம் வந்தது" என்று சொன்னால், "எத்தனையாம் திகதி?" என்று கேட்பார். வயலுக்குப் போகிறவர்கள் அவரைக் கண்டால் பேச்சை மாற்றுவார்கள். பாதை ஓட்டுகிறவர் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: "சேர், முந்தநாள் எண்டாப் போதாதா? முந்தநாள் எத்தனையாம் திகதி எண்டு தெரிஞ்சா மீன் கூடுதலாவா படப்போகுது?"

"சரியான நாள் தெரியாட்டி நடந்ததே இல்லையெண்டு ஆக்கிப்போடுவானுகள், தம்பி" என்றார் அவர். சண்டைக்காரர் போலச் சொல்லவில்லை. வெற்றிலை கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வந்தால் அவர் கொடுக்கும் பரிசும் அதுதான். அந்த நாளில் நடந்த ஒரு நல்ல காரியம். இனிப்புக் கொடுக்க வசதியில்லாத பிள்ளைகள்தான் எங்கள் பாடசாலையில் அதிகம். "எனக்குக் கப்பல், உனக்கு என்ன?" என்று ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு திரிவார்கள். டிசம்பர் விடுமுறையில் பிறந்தவர்களுக்குத் தவணை முடிகிற அன்றே சொல்லிவிடுவார்.

தரம் எட்டில் ஒரு பிள்ளை இருந்தாள். தகப்பன் வழிப் பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கிறவள். ஒவ்வொரு வருடமும் விடுமுறையில் பிறந்தவர்கள் எழும்பும்போது எழும்பாமலே இருந்துவிடுவாள். அந்த வருடம் பக்கத்தில் இருந்தவள் காட்டிக் கொடுத்துவிட்டாள்: "சேர், இவள் சுனாமியண்டு பிறந்தவள்."

அடுத்த வகுப்பில் நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன், தட்டிக்கு இந்தப் பக்கம். அவருடைய குரல் கேட்டது.

"டிசம்பர் இருபத்தாறில வேற ஒண்டும் நடந்திருக்கு, மகள். பிரான்சில ஒரு புருசனும் பொஞ்சாதியும், ஒழுகிற கொட்டில் ஒண்டுக்குள்ள இருந்து வேலை செஞ்சு, ரேடியம் எண்டு ஒரு பொருளைக் கண்டுபிடிச்சம் எண்டு உலகத்துக்குச் சொன்ன நாள் அது. இருட்டில வெளிச்சம் குடுக்கிற பொருள். அது உன்ட. சரியா?"

"ஓம் சேர்" என்று மெல்லிய சத்தம். அதற்குப் பிறகு யாரோ கை தட்டினார்கள்.

சனவரியில் பாடசாலை தொடங்கி இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அவளுடைய தாய் வந்தாள். வாகரையிலிருந்து பஸ் ஏறி, பாதை கடந்து வந்திருந்தாள். ஆசிரியர் அறைக்குள் வந்து நின்றபடியே கேட்டாள்.

"திகதி சொல்ற சேர் ஆரு?"

அவர் எழும்பினார்.

"நீங்களா? என்ட புள்ள அண்டைக்கு, என்ட மகன்ட படத்துக்கு விளக்கு வெச்சிக்கொண்டு நிக்கக்குள்ள வந்து சொல்றாள், அம்மா இண்டைக்கு நல்ல நாளும்தானாம் எண்டு. நல்ல நாளாம். ஏதோ வெளிச்சமாம். நான் அடிச்சிப்போட்டன், சேர். வாயில அடிச்சிப்போட்டன். பிறந்ததுக்கு அண்டுவரைக்கும் நான் அவளுக்குக் கை நீட்டினதில்ல."

"இருங்க, தங்கச்சி."

"இருக்க வரல்ல. மூத்தவனைக் கரையில மாமன் வீட்டில விட்டுட்டு, ஆசுபத்திரியில இவளைப் பெத்துக்கொண்டு கிடந்தன். ஒண்டு வரக்குள்ள ஒண்டு போயிட்டு. அதுக்குள்ள நல்லது எங்க இரிக்கு? நீங்க படிச்ச மனிசன்தானே, எங்க இரிக்கு எண்டு காட்டுங்க பாப்பம்."

"நான் செஞ்சது பிழை, தங்கச்சி" என்றார்.

"பிழை எண்டு சொல்லச் சொல்லி நான் வரல்ல" என்றாள் அவள். தண்ணீர் கொடுத்தோம், குடிக்கவில்லை. வெளியில் மர நிழலில் மகள் நின்றாள். தாய் அவளை நெற்றியில் கொஞ்சிவிட்டு, அடுத்த பாதைக்கு நடந்தாள். அந்தப் பிள்ளை அந்த வருடம் முழுவதும் வரலாற்றுப் பாடத்தில் தலை நிமிரவில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதாமலே படிப்பை நிறுத்திவிட்டாள் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

அன்று திரும்பும்போது பாதையில் அவர் சொன்னார்: "அவ சொன்னது சரி, டீச்சர். ஒரே நாளில நடந்ததெண்டதுக்காக ஒண்டுக்கொண்டு சொந்தமில்ல. ஒண்டு மற்றதுக்கு மருந்துமில்ல. நான்தான் புள்ளையளுக்கு அப்பிடி ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு திரியிறன்."

அன்றைக்குத்தான் மகனைப் பற்றி முழுவதும் சொன்னார். கிழக்கில் சண்டை முடிகிற காலம். மகன் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடையில் வேலை. கிரானில் ஒரு சிநேகிதனுடைய கலியாணம் என்று வெளிக்கிட்டுப் போனான். கலியாண வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு அவனை ஒரு முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார். அடுத்த வருடம் ஒரு சிறைச்சாலை பஸ்ஸின் யன்னலில் கண்டதாக இன்னொருவர். ஒவ்வொரு முறையும் அவர் புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு போனார். தெற்கில் இருக்கிற சிறைகளின் வாசல் எல்லாம் அவருக்குத் தெரியும். எந்த வாசலில் மர நிழல் இருக்கிறது, எந்த வாசலில் தமிழ் தெரிந்த காவலர் இருக்கிறார் என்பதுவரை தெரியும். ஒவ்வொரு முறையும் அது வேறு யாருடையவோ பிள்ளை.

ஒருமுறை பிரதேச செயலகத்தில் காணாமல் போனவர்களின் குடும்பங்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவரும் மனைவியும் போனார்கள். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி மரியாதையான இளைஞன். மரணச் சான்றிதழ் எடுத்தால் குடும்பத்துக்கு உதவி கிடைக்கும் என்று விளக்கிவிட்டு, "இறந்த திகதி எண்டு ஒரு திகதி சொல்லுங்க, சேர். உங்களுக்குச் சரியெண்டு படுறதைச் சொல்லுங்க" என்றான்.

"வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாள்தான் எனக்குத் தெரியும், மகன். அது இறந்த நாளில்ல. நான் வரலாறு படிப்பிக்கிறவன். தெரியாத நாளைச் சொல்லமாட்டன்" என்று எழும்பி வந்துவிட்டார்.

வெளியில் வந்ததும் மனைவி முதல்முறையாக அவருடன் சண்டை பிடித்தார்.

அந்த அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். அதிகம் பேசாதவர். மகனைத் தேடி முதல் வருடங்களில் அவரை விட அலைந்தவர். பிறகு சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு முறை மட்டக்களப்பு ஆசுபத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்கப் போக ஆரம்பித்தார். உடம்பு ஊதி, வற்றி, திரும்ப ஊதிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் போனபோது ஒருநாள் என் முன்னாலேயே கணவரிடம் கேட்டார்.

"இஞ்ச பாருங்க. எனக்குக் களைச்சிப் போச்சி. ஒரு நாளைச் சொல்லுங்க. அந்த நாளில அவனுக்கு ஒரு படையல் வெச்சிட்டு நான் கண்ணை மூடுறன்."

"ஆடி அமாவாசைக்குச் செய்யலாமெண்டு குருக்கள் சொன்னவர்தானே."

"அமாவாசை ஊரில செத்த எல்லாருக்கும் பொது. அவனுக்கு எண்டு ஒண்டு வேணும்."

"அப்பிடிச் சும்மா எடுக்கேலாது, இவளே."

"ஊரில இரிக்கிற புள்ளையளுக்கெல்லாம் நாள் எடுத்துக் குடுக்கிறீங்க. நம்மட புள்ளைக்கு ஒண்டு இல்லையா?"

அவர் முற்றத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மாமர நிழலில் நின்றுகொண்டு சொன்னார்: "ஒரு நாளை நான் சொன்னா, அந்த நாளில அவனைச் சாகடிச்சது நான்தான், டீச்சர். ஆர் சாகடிச்சானோ அவன் இல்ல. நான்." பிறகு, "அதுவும் இல்லாம, வெறும் நாளே இல்ல. தேடிப் பார்த்திட்டன். எந்த நாளைத் தொட்டாலும் ஆரோ ஒரு புள்ள பிறந்திருக்கு" என்றார்.

மனைவி கேட்டுக்கொண்டே இருந்தார். ஆசுபத்திரிக்குப் போகும் வழியில் கேட்பார். இயந்திரத்தில் படுத்துக்கொண்டு கேட்பார். கடைசி மாதத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் சேரைப் பயப்படுத்தியது. "கேக்கிறா இல்ல, டீச்சர்" என்று பாதையில் என்னிடம் சொன்னார். அந்த மாதம் முடிவதற்குள் அம்மா இறந்துபோனார். காலையில் ஆசுபத்திரிக்கு வெளிக்கிட்டு, வாசலில் செருப்புப் போடக் குனிந்தவர், அப்படியே இருந்துவிட்டார்.

அந்தத் திகதியை நான் இங்கே எழுதவில்லை. யாருக்காவது பிறந்தநாளாக இருக்கும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நாங்கள் ஆசிரியர்கள் எல்லோரும் போயிருந்தோம். வாவிக்கரையில் குருக்கள் கிரியையைத் தொடங்கப் போகிற நேரம், அவர் ஈர வேட்டியோடு சொன்னார்.

"ஐயா, இதோட மகனுக்கும் செய்யுங்க."

குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் ஊர்க்கதை தெரியும். "நாள் தெரிஞ்சிட்டா?"

"இவ செத்த நாள்தான் அவனுக்கும்."

"எந்த வருசம்? வருசம் தெரிஞ்சாத்தானே திதி பார்க்கலாம்."

"வருசம் தெரியா."

"வருசம் இல்லாமத் திதி எப்பிடி, சேர்?"

"தாய்ட திதியை அவனுக்கும் போடுங்க, ஐயா. வேற நாளில ரெண்டு தரம் செய்ய எனக்கு ஏலாது. ரெண்டு பேரையும் ஒரு நாளில வைங்க."

திகதிக்காக அதிபரோடும் அதிகாரியோடும் மல்லுக்கு நின்ற மனிதர், கையைக் கட்டிக்கொண்டு கெஞ்சினார். குருக்கள் அதற்குமேல் கேட்கவில்லை. தர்ப்பையை எடுத்துக் கொடுத்து, மகனுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லச் சொன்னார். அவர் சொன்னார். சொல்லும்போது குரல் உடையவில்லை. பிண்டத்தை வைத்துவிட்டு அதிலிருந்து கையை எடுக்கத்தான் அவருக்கு வெகுநேரம் ஆனது. குருக்கள் "விடுங்க, சேர், விடுங்க" என்று இரண்டு மூன்று முறை சொல்லவேண்டியிருந்தது.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலம் இருந்தது. பாடசாலைக்கு வந்தார். காலைக் கூட்டத்தில் அதிபர் பேசி முடிந்ததும் பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். முன்னால் வந்து நின்று, சட்டைக் கையை மடித்து, திரும்பவும் இறக்கிவிட்டார்.

"இண்டைக்கு ஒண்டுமில்ல, புள்ளையள். வகுப்புக்குப் போங்க."

அடுத்த நாளும் அதுதான். சில நாளில் பிள்ளைகள் அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

அவர் ஓய்வு பெற்று ஒரு வருடம் கழிந்திருக்கும். பாடசாலை விழாவுக்குச் சொல்லிப்போட்டு வரலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் இருக்கும்போதே படலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டமாவடியில் புடவைக் கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் வியாபாரி. சேருக்கு முன்பின் பழக்கமில்லாதவர். உள்ளே வந்து, கதிரையின் நுனியில் இருந்தார்.

"சேர், என்ட மச்சான் ஒராள் ஒரு வழக்கில உள்ளுக்குப் போய் இப்பதான் விட்டு வந்தவர். அங்க மட்டக்களப்புப் பொடியன் ஒராள் கனகாலமா இரிக்கானாம். செட்டிபாளையம் எண்டவனாம். வாப்பா வாத்தியார் எண்டவனாம். மச்சான் சும்மா கதைக்கக்குள்ள சொன்னாரு. எனக்கு மனசு கேக்கல்ல. விசாரிச்சி விசாரிச்சி உங்கட வீட்டைக் கண்டுபிடிச்சி வந்தன்."

சேர் கையில் ஒட்டியிருந்த தேங்காய்ப் பூவைத் துடைத்தார்.

"எப்ப கண்டவராம்?"

"போன மாசம் எண்டு சொன்னாரு, சேர். திகதி கேக்கல்ல."

"உங்களுக்குப் பெரிய மனசு, தம்பி. இவ்வளவு தூரம் வந்திருக்கிறீங்க. தேத்தண்ணி குடியுங்க."

"தேத்தண்ணி இரிக்கட்டும், சேர். எப்ப போறீங்க? நானும் வேணுமெண்டா வாறன்."

"நான் நாள் குடுத்திட்டன், தம்பி."

வியாபாரிக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அவரைப் படலை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், நடந்ததைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி, கையில் வைத்துக்கொண்டு, வீட்டையே பார்த்தபடி நின்றார். "யா அல்லாஹ்" என்றார். பிறகு மச்சானுடைய நம்பரை எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் உள்ளே வந்தேன்.

"நான் போய்ப் பார்த்திட்டு வரட்டா, சேர்? என்ட அண்ணன் வருவார் என்னோட."

"வேணா."

"ஒருவேளை..."

"அவன் இல்லையெண்டா, நான் அவனை இன்னொருக்காச் சாகக் குடுக்கோணும். எனக்கு ஏலாது. அவன்தான் எண்டா..." தேங்காயைத் திரும்பக் கையில் எடுத்தார். "அவன்தான் எண்டா, நான் அவனுக்குப் பிண்டம் வெச்சவன், டீச்சர். எந்த முகத்தோட போய் நிக்கிறது? அம்மா எங்க எண்டு கேட்டா என்ன சொல்றது?"

திருவலையில் தேங்காய் சுரண்டுகிற சத்தம் தொடங்கியது. நான் வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை நான் அந்த நம்பருக்கு எடுத்தேன். நம்பர் வேலை செய்யவில்லை. கடையில் போய்க் கேட்டால், மச்சான் கட்டாருக்குப் போய்விட்டாராம். வியாபாரி தனக்குத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பார்த்தார். எந்தச் சிறை, எந்தப் பகுதி என்று சரியாகச் சொல்ல ஒருவருமில்லை. அடுத்த மாரியில் சேர் காய்ச்சலில் இறந்துபோனார். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லை. அவருடைய கூடப்பிறந்த தங்கச்சியின் மகன் வந்து வைத்தான்.

வாத்தியாருடைய மகன் என்று சொன்ன அந்தப் பொடியன் யாரென்று இன்றுவரை ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.